எல்லாப் பாகத்துக்கும் இரண்டு சப்ளையர் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கைபேசி தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் சேர்ந்து உங்களுக்கு ஆறு மாதம் ஆகிறது. பயிற்சி வகுப்பில் 2000-ஆம் ஆண்டு நடந்த தீ விபத்தையும், அதில் நோக்கியா தப்பித்து எரிக்சன் மாட்டிக்கொண்டதையும் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே மேலாளரிடம் போய், ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு சப்ளையர் வேண்டும் என்றீர்கள். "அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்று அவர் கேட்டார், உங்களிடம் பதில் இல்லை. இருவரில் யார் சரி என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்தப் பாகத்தின் ஆபத்துக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம், அதை எப்படிக் கணக்கிடுவது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொள்முதல் வேலையில் இருக்கிறேன். சார்ஜர், பேட்டரி, சர்க்யூட் போர்டு, அதில் ஒட்டும் சிறு பாகங்கள், பேக்கிங் அட்டை வரை வாங்கியிருக்கிறேன். கைபேசியின் மூளையான பிராசஸர் சில்லுக்கான ஒப்பந்தங்களில் நான் உட்கார்ந்ததில்லை. கைபேசிக் கோபுரங்களில் ஏற்றும் கருவிகளை வாங்கியதும் இல்லை. அவற்றைப் பற்றி நான் சொல்வது படித்ததும் கேட்டதும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்தக் கதை. வகுப்பில் அதைப் பாதிதான் சொல்கிறார்கள். 2000 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இடி மின்னலோடு மழை. மின்சாரம் ஏறி இறங்கியதில், அல்புகர்க்கி நகரத்தில் பிலிப்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான சில்லுத் தொழிற்சாலையின் உலை ஒன்றில் தீப்பிடித்தது. பத்து நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். எரிந்தது எட்டுத் தட்டு வேஃபர் (சில்லுகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தகடு) மட்டுமே. ஆனால் சில்லு செய்யும் கூடத்தில் ஒரு துகள் தூசி விழுந்தாலும் சரக்கு வீண். அங்கே புகையும் புகுந்தது, தீயை அணைக்க வந்தவர்களின் காலணிச் சேறும் புகுந்தது என்றால் என்ன ஆகும்? தூய்மை அறையே பயன்படாமல் போனது. ஒரு வாரம் தாமதமாகும் என்று பிலிப்ஸ் தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னது. நோக்கியாவுக்கும் எரிக்சனுக்கும் போன செய்தி ஒன்றுதான்.

நோக்கியா அந்த ஒரு வாரத்தை அப்படியே நம்பிவிடவில்லை. அந்த ஆலையிலிருந்து வரும் ஐந்து பாகங்களைத் தினமும் விசாரிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. உதவிக்கு ஆள் அனுப்புகிறோம் என்றது. பிலிப்ஸ் வேண்டாம் என்றது. இரண்டு வாரம் கழித்து, சேதம் ஒரு வாரக் கதை அல்ல என்று தெரிந்தபோது, சுமார் 40 லட்சம் கைபேசிகளின் உற்பத்தி பாதிக்கப்படும் என்று கணக்குப் போட்டார்கள். பெர்ட்டி கோர்ஹோனன் என்பவர் தலைமையில் ஒரு குழு இறங்கியது. வேறு கம்பெனிகளும் செய்யக்கூடிய பாகத்துக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த சப்ளையர்களிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கினார்கள். பிலிப்ஸ் மட்டுமே செய்துகொண்டிருந்த பாகத்துக்கு, நோக்கியாவின் தலைவர் ஓலிலாவே பிலிப்ஸின் தலைமையோடு பேசினார். நெதர்லாந்தின் ஐந்தோவனிலும் சீனாவின் ஷாங்காயிலும் உள்ள உங்கள் ஆலைகளில் எங்களுக்கு இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டு வாங்கினார்கள். எரிக்சனில் செய்தி கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது உலகத்தில் மிச்சமிருந்த உற்பத்தித் திறனை நோக்கியா எடுத்துக்கொண்டிருந்தது. செலவைக் குறைப்பதற்காக மாற்று சப்ளையர்களை 1990-களிலேயே எரிக்சன் கழற்றிவிட்டிருந்தது. சுமார் 40 கோடி டாலர் விற்பனை போனது.

இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது தீயும், இரண்டு நிறுவனங்களும் நடந்துகொண்ட விதமும், அந்த விற்பனை இழப்பும். சந்தேகத்துக்குரியது, "ஒரு மின்னல் எரிக்சனைக் கைபேசித் தொழிலிலிருந்தே துரத்திவிட்டது" என்ற முடிவு. கைபேசித் தயாரிப்பை 2001 ஜனவரியில் வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பதாக எரிக்சன் அறிவித்ததும், அதே ஆண்டு சோனியோடு கூட்டு நிறுவனம் தொடங்கியதும் உண்மை. ஆனால் 2000-இல் அதன் கைபேசிப் பிரிவுக்கு வந்த நஷ்டத்துக்குப் பாகத் தட்டுப்பாட்டோடு தவறான மாடல் தேர்வும் சந்தைப்படுத்துவதில் இருந்த கோளாறும் காரணமாகச் சொல்லப்பட்டன. தீ விபத்தே நடக்காமல் இருந்தாலும் அவர்கள் திணறியிருப்பார்கள் என்பது என் ஊகம். இதை நிரூபிக்க முடியாது.

உங்கள் மேலாளரிடம் போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தனிச் சில்லுக்கு நோக்கியாவிடமும் இரண்டாவது சப்ளையர் இல்லை. அவர்களைக் காப்பாற்றியது அதே சப்ளையரின் வேறு ஆலைகளும், முதல் வாரத்திலேயே விழித்துக்கொண்ட காதுகளும்தான். எனவே "கதையின் நீதி, எதற்கும் இரண்டு ஆள்" என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சற்று அவசரப்பட்டுவிட்டார்.

எரிக்சன் அடி வாங்கிய பிறகு செய்த காரியம்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. ஒவ்வொரு முக்கியப் பாகத்துக்கும், அது வரும் ஆலை நின்றுபோனால் மறுபடி சரக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று அளக்கத் தொடங்கினார்கள். சப்ளையர் நல்லவரா கெட்டவரா, ஆலையில் தீப்பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்றெல்லாம் தலையை உடைத்துக்கொள்வதைவிட இது சுலபம். தீயோ வெள்ளமோ வேலைநிறுத்தமோ, எது வந்தாலும் நம் உற்பத்தி லைன் நிற்கும் நாள் எண்ணிக்கை ஒன்றுதான்.

இப்போது கணக்கு. எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் நிறுவனத்தின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 18 லட்சம் கைபேசி, 300 வேலைநாள் என்றால் ஒரு நாளைக்கு 6,000. ஒரு கைபேசியில் உங்களுக்கு மிஞ்சுவது 400 ரூபாய் என்றால், லைன் ஒரு நாள் நின்றால் 24 லட்சம் போகிறது. மூன்று ரூபாய்ப் பாகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது சப்ளையர் 12 விழுக்காடு கூடுதல் விலை சொல்கிறார். அவருக்கு 30 விழுக்காடு ஆர்டர் கொடுக்கிறீர்கள். ஆண்டுக்குக் கூடுதல் செலவு இரண்டு லட்சத்துக்கும் குறைவு. இரவும் பகலும் ஓடும் லைன் இரண்டு மணி நேரம் நிற்பதற்குச் சமம். "பார்த்தீர்களா, நான் சொன்னேன்" என்று உடனே எழுந்துவிடாதீர்கள். அந்தச் சப்ளையரை ஏற்றுக்கொள்ள சாம்பிள் வாங்கி, வெப்பத்திலும் ஈரத்திலும் வைத்து, கீழே போட்டு, சோதனை உற்பத்தி ஓட்டி, தேவைப்பட்டால் சான்றிதழைப் புதுப்பித்து முடிக்க எட்டு லட்சம் ஆகிறது என்று வையுங்கள். கைபேசியில் இப்படி 400 வகைப் பாகம் இருந்தால் 32 கோடி. மேலாளர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அதே மூன்று ரூபாய்ப் பாகத்தை நான்கு வாரத்துக்கு வாங்கி அலமாரியில் வைத்தால்? ஏறத்தாழ ஒன்றரை லட்சம் எண்ணிக்கை, நான்கரை லட்சம் ரூபாய். 12 விழுக்காடு வட்டி போட்டாலும் ஆண்டுக்கு 54,000. இரண்டாவது சப்ளையரைவிட இது மலிவு, ஒரு கையெழுத்தில் முடிகிற வேலையும்கூட. ஆனால் 1,500 ரூபாய் டிஸ்பிளேயை இதேபோல் நான்கு வாரத்துக்கு வைத்தால் இருபத்திரண்டரை கோடி முடங்கும். வட்டி மட்டும் 2 கோடியே 70 லட்சம். அதற்குள் டிஸ்பிளே விலையும் இறங்கிவிடும். மாடலே மாறினாலும் மாறலாம். அங்கே இரண்டாவது சப்ளையருக்கு எட்டு லட்சம் என்ன, எண்பது லட்சம் கொடுத்தாலும் தகும். ஆக மலிவான பாகத்துக்குக் கையிருப்பு, விலை உயர்ந்த பாகத்துக்கு மாற்று ஆள், ஒரே ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய சில்லுக்கு அவருடைய இன்னொரு ஆலையில் முன்கூட்டியே பேசி வைத்த இடம். என் அனுபவத்தில் பெரும்பாலான முடிவுகள் இந்த மூன்றில் ஒன்றில் வந்து விழுகின்றன. விதிவிலக்குகளும் உண்டு. போர்டில் பாகங்களை ஒட்டும் உலோகப் பசையான சால்டர் பேஸ்ட்டை நான்கு மாதத்துக்கு வாங்கி வைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் அதன் ஆயுள் பெரும்பாலும் ஆறு மாதம்தான், அதில் பாதி வரும் வழியிலேயே கழிந்திருக்கும். பேட்டரியும் சும்மா இருக்கும்போதே சத்து இழக்கும்.

மலிவான பாகத்தை யாரும் மதிப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி. 2018-இல், மின்னூட்டத்தைச் சற்று நேரம் சேமித்துத் தரும் சிறு பாகமான செராமிக் கெபாசிட்டருக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. பார்த்திருப்பீர்கள்: மணலைவிடச் சற்றுப் பெரியது, ஒரு ரீலில் பத்தாயிரம் சுற்றியிருக்கும், ஒன்றின் விலை சில பைசா. உயர்ரகக் கைபேசி ஒன்றில் ஆயிரம்வரை இருக்கும். முராட்டா போன்ற ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கார்களுக்கான சரக்கின் பக்கம் திரும்பினார்கள். அங்கே லாபம் அதிகம். எங்கள் வாராந்தரக் கூட்டங்களில் டிஸ்பிளேயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவோம். கெபாசிட்டரைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. கடைசியில் லைன் நின்றது கெபாசிட்டரால்தான். கிடங்குப் பையன் காலி ரீலைக் கையில் வளையல்போல மாட்டிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்தது, இரண்டு சப்ளையர் இருந்தும் ஒருவர்கூட இல்லாத நிலை. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தபோது இதை எல்லோரும் பாடமாகக் கற்றோம். சில்லுகளை உட்கார வைக்கும் அடித்தட்டுக்கு பி.டி. ரெசின் என்றொரு பிசின் வேண்டும். உலகத் தேவையில் ஏறத்தாழ பாதியை மிட்சுபிஷி காஸ் கெமிக்கல் என்ற ஒரே நிறுவனம் செய்துகொண்டிருந்தது. அதன் ஆலை இருந்தது ஃபுக்குஷிமா மாநிலத்தில். ஒருவர் தைவான், ஒருவர் கொரியா என்று இரண்டு சப்ளையர் வைத்து நிம்மதியாக இருந்தவர்கள், இரண்டு பேரும் அதே பிசினுக்காகக் காத்திருப்பதை அப்போதுதான் கண்டார்கள். இரண்டு குடம், ஒரே கிணறு. ஆகவே இரண்டாவது சப்ளையருக்குப் பணம் கொடுக்கும் முன், அவர் யாரிடம் வாங்குகிறார் என்று கேளுங்கள். எல்லோரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம், நான்காம் அடுக்குவரை தோண்டிவிட்டோம் என்று சொல்லும் பெரிய நிறுவனங்களையும் நான் முழுதாக நம்புவதில்லை.

வழியும் ஒரு பாகம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதையில் தண்ணீர் நின்று, சில நாள் விமானமே இறங்கவில்லை. எங்கள் போர்டுகள் ஹாங்காங்கில் கிடந்தன. பெங்களூருக்குத் திருப்பி, அங்கிருந்து லாரியில் கொண்டுவரலாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்தது. ஆனால் பெங்களூரில் எங்களுக்குச் சுங்க முகவர் இல்லை. புதிதாக ஒருவரைப் பிடித்து, அதிகாரப் பத்திரம் கொடுத்து, ஆவணங்களைச் சரிசெய்ய மூன்று நாள் போனது. அதற்குள் மீனம்பாக்கமே திறந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கே வேலை செய்தாலும் இரண்டாவது ஊர் ஒன்றில் முகவர் ஒருவரைப் பதிவு செய்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு சிறு பெட்டியை அந்த வழியாக வரவழைத்துவிடுவேன். அதற்கு ஆகும் செலவைச் சொன்னால் உங்கள் மேலாளரே சிரிப்பார்.

ஆபத்துக்குப் பயந்து மறுபக்கம் சாய்வதும் ஆபத்து. 2001-இல், இணைய வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனம் ஏறத்தாழ 225 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதியது. தட்டுப்பாட்டுக் காலத்தில் பாகங்களுக்கு நீண்டகால ஆர்டர் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களோ எங்கே முதலில் கிடைக்கிறதோ வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர் போட்டிருந்தார்கள். இல்லாத தேவை இருப்பதுபோல் தெரிந்தது; சந்தை விழுந்ததும் பொய்த்தேவை மறைந்தது, சரக்கு மட்டும் நின்றது. இருபது ஆண்டு கழித்து அதையே மறுபடி செய்தோம். 2021-இல் சில்லு கிடைக்காமல் அலைந்த கைபேசித் தொழில், 2022-இல் விற்காத சரக்கோடு நின்றது. அந்த ஆண்டு உலகக் கைபேசி விற்பனை 11 விழுக்காடு குறைந்து, 2013-க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. 2021-இல் என்னைப் பாராட்டிய அதே நிதி அதிகாரி 2022-இல் என் கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு வாரக் கையிருப்பு என்று முடிவெடுத்தால் நான்கிலேயே நில்லுங்கள். பயம் வரும்போது அதை எட்டு வாரமாக்காதீர்கள். பயம் வரும் நேரத்தில் விலையும் உச்சத்தில் இருக்கும்.

அரசியல் ஆபத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், ஏனெனில் உங்கள் அளவிலான நிறுவனம் அதில் செய்யக்கூடியது குறைவு. அமெரிக்கப் பாகங்களை விற்கக் கூடாது என்று 2018 ஏப்ரலில் அமெரிக்கா தடை போட்டபோது, சீனாவின் இசட்.டி.ஈ. போன்ற தொலைத்தொடர்புப் பெருநிறுவனமே ஒரு மாதத்துக்குள் முக்கிய வேலைகளை நிறுத்த வேண்டியிருந்தது; 100 கோடி டாலர் அபராதம் கட்டியபிறகுதான் மீண்டது. 2019 மே மாதம் தடைப் பட்டியலில் ஏறிய ஹுவாவே முன்னெச்சரிக்கையாகச் சில்லுகளைக் குவித்து வைத்தது. 2020 செப்டம்பரில் தைவானிலிருந்து வரத்து நின்றதும், அந்தக் குவியலால் காலத்தைத்தான் வாங்க முடிந்தது. அந்த நவம்பரிலேயே தன் ஹானர் கைபேசி பிராண்டை விற்றுவிட்டது. ஒரே நாட்டிலோ ஒரே நாட்டின் தொழில்நுட்பத்திலோ நிற்கும் இரண்டு சப்ளையர்கள் இந்த ஆபத்துக்கு ஒருவரே. இதைத் தெரிந்து வைத்திருங்கள், இதற்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை ஆளை நம்பும் ஆபத்து விற்பவருக்கும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, வரித் தகராறில் சிக்கி, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறிய சொத்துகளில் சேராமல் நின்று, 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். உங்கள் சப்ளையர் தன் உற்பத்தியில் எண்பது விழுக்காட்டை வேறொரு பெரிய வாடிக்கையாளருக்கு விற்கிறார் என்றால், அந்த வாடிக்கையாளர் தும்மினால் உங்களுக்குக் காய்ச்சல். விலை பேசும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மேலாளரிடம் என்ன கொண்டுபோவது என்பதற்கு வருகிறேன். அதிகம் விற்கும் ஒரே ஒரு மாடலின் பாகப் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே மூன்று எண் எழுதுங்கள்: ஆலை நின்றால் மறுபடி சரக்கு வர எத்தனை வாரம், நம் கிடங்கில் இருப்பது எத்தனை வாரத்துக்கு, நான்கு வாரம் கூடுதலாக வைத்தால் ஆண்டு வட்டி எவ்வளவு. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து, வரும் வாரங்களை வேலைநாளாக மாற்றி, அதை ஒரு நாள் இழப்பால் பெருக்கி, பெரியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். 400 வரியில் முதல் பதினைந்து மட்டுமே பேச வேண்டியவையாக இருக்கும். அதில் பாதி நீங்கள் பெயர்கூடக் கவனிக்காத பைசாப் பாகங்களாக இருக்கும். மேலாளர் கேட்ட "எந்தக் கணக்கில்" என்பதற்கு அந்தத் தாளே பதில்.

முதல் எண்ணை நிரப்ப நீங்கள் சப்ளையர்களுக்குப் போன் செய்ய வேண்டும். இந்தப் பாகம் எந்த ஊர் ஆலையில் செய்யப்படுகிறது, வேறு எங்கே செய்ய முடியும், அங்கே மாற்ற எத்தனை வாரம் என்று கேளுங்கள். பெரும்பாலோர் அன்றே சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று பேர், "அது உங்களுக்கு எதற்கு சார்?" என்பார்கள். பட்டியலில் அவர்கள் எங்கே இருந்தாலும் சரி, வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.